பெயர்களைத் திருப்பிக் கொடுக்கும் சிறுவன்: 'நட்சுமேயின் நண்பர் ஏடு' அனிமே தொடர் பற்றிய ஓர் அறிமுகம்

யப்பானிய அனிமே என்றதும் எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது வாள்வீச்சும் வெடிச்சத்தமும் கூச்சலும்தான். பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் ஏதோ ஒன்று என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பெற்றோரும் பிள்ளைகளும், ஏன் அம்மம்மாவும்கூட ஒன்றாக இருந்து பார்க்கக்கூடிய அனிமே தொடர்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இந்தக் கட்டுரையில் அறிமுகம் செய்கிறோம்.

தொடரின் யப்பானியப் பெயர் 'நட்சுமே யூஜின்ச்சோ'. நட்சுமே என்பது கதாநாயகனின் குடும்பப் பெயர். யூஜின் என்றால் நண்பர், ச்சோ என்றால் பதிவேடு. தமிழில் 'நட்சுமேயின் நண்பர் ஏடு' என்று சொல்லலாம். 2008 ஜூலையில் தொடங்கி 2024 டிசம்பர் வரை ஏழு பருவங்களாக, 80-இற்கும் மேற்பட்ட பகுதிகள் ஒளிபரப்பாகிவிட்டன. பாடசாலை, சமையல், நண்பர்கள், ஆற்றங்கரை நடை என்று அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் கதை. அதன் நடுவே மனிதர் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும், அவிழ்க்கவேண்டிய மர்மங்களும் வந்துபோகும். மனதை ஆற்றும் கதைகளை யப்பானியர் 'இயாஷிகேய்' என்று தனி வகையாகவே பிரிப்பதுண்டு. இத்தொடரையும் பலர் அந்த வகையில்தான் சேர்ப்பார்கள்.

கதையின் அடிப்படை

நட்சுமே தகாஷி உயர்தரப் பாடசாலையில் படிக்கும் பையன். தாய் அவன் குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தகப்பனும் அவன் சின்னப் பிள்ளையாக இருக்கையில் போய்விட்டார். அதன்பின் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்கு என்று மாறி மாறி வளர்ந்தவன். யாரும் அவனை நீண்டநாள் வைத்திருக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. மற்றவர்களுக்குத் தெரியாத உயிர்கள் அவனுடைய கண்ணுக்குத் தெரியும். வகுப்பில் திடீரென்று அலறுவான், ஒன்றுமில்லாத மூலையைக் காட்டி ஏதோ நிற்கிறது என்பான், காரணம் சொல்லாமல் ஓடுவான். பொய்யன், கவனத்தை ஈர்க்க நடிக்கிறான் என்று பேர் வந்துவிட்டது. கடைசியில் பிள்ளைகள் இல்லாத, தூரத்து உறவினரான புஜிவாரா தம்பதியர் அவனைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அவனுடைய அம்மம்மா பெயர் ரெய்கோ. அவருக்கும் இதே பார்வை இருந்தது, அவரையும் ஊரார் ஒதுக்கிவைத்தார்கள். மனிதர்களோடு சேரமுடியாத அந்தப் பெண், காட்டிலும் மேட்டிலும் கண்ட யோகாய்களைப் போட்டிக்கு அழைத்தார். தோற்ற யோகாய் தன் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். அப்படிச் சேர்த்த காகிதங்களைக் கட்டியதுதான் நண்பர் ஏடு. ரெய்கோ இளவயதிலேயே இறந்துபோக, ஏடு பேரன் கைக்கு வருகிறது.

ஏட்டை வைத்திருப்பவர் பெயர் சொல்லி அழைத்தால் அந்த யோகாய் வந்தே ஆகவேண்டும், சொன்னதைச் செய்தே ஆகவேண்டும். காகிதம் கிழிந்தாலோ எரிந்தாலோ அந்த உயிருக்கும் அதே கதிதான். ஆகவே சிலர் பெயரைத் திருப்பித் தரும்படி கெஞ்சி வருகிறார்கள், சிலர் ஏட்டைப் பறித்து மற்றவர்களை அடக்கியாள வருகிறார்கள். நட்சுமே எடுத்த முடிவு, கேட்டு வருபவர்களுக்கெல்லாம் பெயரைத் திருப்பிக் கொடுப்பது.

அவனுக்குத் துணையாக ஒரு கொழுத்த பூனை இருக்கிறது. கடைவாசல்களில் கையைத் தூக்கி வைத்திருக்கும் யப்பானிய அதிர்ஷ்டப் பூனைப் பொம்மையை நாம் எல்லோரும் கண்டிருப்போம். அப்படி ஒரு பொம்மைக்குள் அடைபட்டிருந்த மதரா என்னும் பெரிய யோகாயை நட்சுமே தவறுதலாக வெளியே விட்டுவிடுகிறான். நட்சுமே உயிரோடு இருக்கும்வரை காவல் காப்பது, அவன் இறந்தபின் ஏட்டைத் தான் எடுத்துக்கொள்வது என்பது பூனையின் ஒப்பந்தம். நியாங்கோ சென்செய், அதாவது 'பூனை வாத்தியார்' என்பது அதன் வீட்டுப்பெயர். பொம்மைக்குள் நெடுங்காலம் இருந்ததால் இந்தப் பூனை உருவம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சாராயமும் பலகாரமும் கண்டால் காவலை மறந்துவிடும். தேவை வந்தால் வெள்ளை நிறத்தில் பெரிய ஓநாய் போன்ற தன் உண்மை உருவத்தை எடுக்கும்.

பெயர் கொடுக்கும் முறை

பெயரைத் திருப்பிக் கொடுப்பது ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடக்கும். நட்சுமே அந்த யோகாயை மனதில் நினைப்பான். ஏட்டின் தாள்கள் தாமாகப் புரண்டு உரிய இடத்தில் நிமிர்ந்து நிற்கும். அந்தத் தாளைக் கிழித்து வாயில் கவ்வி, இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டி, மூச்சை ஊதுவான். எழுத்துக்கள் மையாகக் கரைந்து காகிதத்தை விட்டு எழும்பி, யோகாயின் நெற்றிக்குள் போய்ச் சேரும். அந்த நேரத்தில் ரெய்கோ அந்த உயிரைச் சந்தித்த நாளின் நினைவு நட்சுமேயின் கண்முன் ஓடும். முடிந்ததும் அவன் களைத்து விழுந்துவிடுவான்.

சொல்லுக்கு உயிர் உண்டு என்பது யப்பானில் பழைய நம்பிக்கை. 'கொத்தோதாமா' என்று அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. ஒருவரின் பெயரை வைத்திருப்பவர் அவரையே வைத்திருக்கிறார் என்பது அதன் நீட்சி. மியசாகி ஹயாவோ இயக்கி 2001-இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்திலும் சூனியக்காரி சிறுமியின் பெயரைப் பறித்துத்தான் வேலைக்கு வைத்துக்கொள்வாள்.

முதல் பகுதியில் வரும் ஹிஷிகாக்கி என்ற யோகாய் பசியால் வாடி இருந்தபோது ரெய்கோ தன்னிடமிருந்த பலகாரத்தைக் கொடுத்தவர். பிறகு போட்டியில் வென்று பெயரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி இவர் என்னைக் கூப்பிடுவார் என்று அந்த உயிர் காத்திருக்கிறது. ஆண்டுகள் போகின்றன, கூப்பிடவே இல்லை. காத்திருப்பு கோபமாக மாறுகிறது. பயங்கர உருவத்தோடு துரத்திவரும் அதன் கோபத்துக்குள் இருந்தது தனிமை மட்டுமே என்று பெயரைக் கொடுக்கும் நேரத்தில்தான் நட்சுமேக்குத் தெரிகிறது.

பெயர் பற்றிய இந்தக் கதைகள் எங்கள் வீடுகளில் வேறுவிதமாகவும் கேட்கும். புகலிட விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, தகப்பனுக்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் வந்து, பாடசாலையில் மூன்று எழுத்தாகச் சுருங்கிய பெயர்களோடு வாழ்பவர்கள் நாம். தன் பெயர் இன்னொருவர் வைத்திருக்கும் தாளில் இருப்பது என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

யோகாய் என்பது என்ன?

இதைத் தமிழில் பேய், பிசாசு என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. இறந்தவரின் ஆவியை யப்பானியர் 'யூரெய்' என்பார்கள், அது வேறு. யோகாய் என்பது மலை, ஆறு, பழைய மரம், கைவிடப்பட்ட வீடு, நெடுங்காலம் பாவித்த பொருள் என்று எதோடும் ஒட்டியிருக்கக்கூடிய உயிர். சில தீங்கு செய்யும், சில விளையாடும், பலவற்றுக்கு மனிதர் பற்றிய நினைப்பே கிடையாது. மனிதர் கும்பிடத் தொடங்கினால் அதே உயிர் சிறுதெய்வமாகவும் ஆகலாம். முனி நிற்கும் புளியமரம், ஒழுங்கை மூலையில் சூலம் நட்டுக் கும்பிட்ட வைரவர் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த எல்லைக் குழப்பம் புதிதல்ல.

யோகாய்களைப் படங்களாகத் தொகுத்தவர்களில் பெயர்பெற்றவர் தொரியாமா செகியென். அவருடைய முதல் தொகுதி 1776-இல் வந்தது. மெய்ஜி காலத்தில் இனோவே என்ரியோ என்ற அறிஞர் மூடநம்பிக்கையைப் போக்கவேண்டும் என்று யோகாய்களை ஆராய்ந்தார், மக்கள் அவருக்கு 'யோகாய் கலாநிதி' என்றே பட்டம் வைத்தார்கள். 1910-இல் யானகித்தா குனியோ வெளியிட்ட 'தோனோ மொனொகதாரி' இதற்கு மாறான வழியில் போனது. தோனோ என்ற மலைநாட்டுப் பகுதியில் மக்களிடையே வழங்கிய கதைகளைப் பதிந்த நூல் அது. யப்பானிய நாட்டாரியல் துறையின் தொடக்கநூலாக அதைக் கொள்வார்கள்.

போருக்குப் பின் இந்த மரபை மங்கா மூலம் பிள்ளைகளிடம் கொண்டுபோனவர் மிசுகி ஷிகெரு. இரண்டாம் உலகப்போரில் பப்புவா நியூகினிப் பகுதியின் ரபவுலில் இடது கையை இழந்து திரும்பியவர். அவருடைய 'கெகெகெ நோ கிதாரோ' 1968-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. 'நண்பர் ஏடு' இந்த வரிசையில் வருவதுதான். ஆனால் கிதாரோவில் உள்ள சண்டைகள் இதில் குறைவு, கேட்டுக்கொண்டிருப்பது அதிகம்.

மர்மம் எப்படி வேலை செய்கிறது?

இதில் கொலை இல்லை, துப்பறிவாளர் இல்லை. அநேகமான பகுதிகள் ஒரு கேள்வியோடு தொடங்கும். இந்த யோகாய் ஏன் என்னைப் பின்தொடர்கிறது? ஏன் இந்த வீட்டுச் சுவரில் ஒரு நிழல் நகர்கிறது? யாரை இது தேடுகிறது? நட்சுமே மெல்ல மெல்ல விசாரிக்கிறான். முதலில் கண்ட விளக்கம் பெரும்பாலும் பிழைத்துப் போகும். கோபம் என்று நினைத்தது ஏக்கமாக இருக்கும், சாபம் என்று நினைத்தது காவலாக இருக்கும்.

தொடர் முழுவதற்குமான மர்மம் ரெய்கோ. பெயர்களை வாங்கிய பிறகு அவர் ஏன் பெரும்பாலும் கூப்பிடவில்லை? நட்சுமேயின் தாத்தா யார்? பல பருவங்கள் கடந்தும் இவற்றுக்கு முழு விடை கிடைப்பதில்லை. உயிரோடு இருக்கும் உறவினர்கள் அவரைப்பற்றிச் சொல்வது மிகக் குறைவு. யோகாய்களின் நினைவுகளிலிருந்துதான் பேரன் அம்மம்மாவைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்க்கிறான். அவர்களில் பலர் அவனைக் கண்டதும் ரெய்கோ என்றே கூப்பிடுவார்கள், முகச்சாயல் அப்படி.

தவறவிடக்கூடாத மூன்று கதைகள்

முதற் பருவத்தின் 2-ஆவது பகுதி ஒரு சின்னக் கோயிலின் கதை. வழியோரத்துக் கோயில் ஒன்றில் ஒதுங்கியிருந்த சாதாரண யோகாய் ஒன்றை, வறட்சியில் வேண்டி மழை பெய்ததால் ஊரார் பனித்தெய்வமாகக் கும்பிடத் தொடங்கினார்கள். கும்பிட வருவோர் குறையக் குறைய அதன் உருவமும் சிறுத்தது. கதை நடக்கும்போது அது கையளவுதான். இன்னும் வந்து பழம் வைத்துக் கும்பிடுவது ஹனா என்ற ஒரே ஒரு வயோதிபப் பெண். அவர் போனால் தானும் போய்விடுவேன் என்று அந்தத் தெய்வத்துக்குத் தெரியும். நட்சுமே தான் வந்து கும்பிடுவதாகச் சொல்கிறான், தெய்வம் அதை ஏற்கவில்லை. இதன் பின்னால் உண்மை வரலாறும் உண்டு. 1906-இல் யப்பானிய அரசு ஊர்ச் சிறுகோயில்களை ஒன்றாக இணைக்கும் கொள்கையைக் கொண்டுவந்தபோது பல்லாயிரம் கோயில்கள் இல்லாமற்போயின. மினகாத்தா குமகுசு என்ற இயற்கை ஆய்வாளர் அதைக் கடுமையாக எதிர்த்தார். பிற்காலத்தில் இளையோர் நகரங்களுக்குப் போக, எஞ்சியிருந்தவற்றிலும் பல பராமரிப்பார் இன்றிப் போயின.

6-ஆவது பகுதி அணைக்கட்டு நீரில் மூழ்கிய ஊரின் கதை. கடும் வறட்சியில் நீர் வற்ற, அடியில் கிடந்த ஊர் வெளியே தெரிகிறது. அங்கிருந்து வெளிவரும் யோகாய்களில் ஒன்று முன்பு தகைவிலான் குருவிக்குஞ்சாக இருந்தது. கூட்டிலிருந்து விழுந்த அதை எடுத்து வளர்க்கப் பார்த்த மனிதர் ஒருவரை மறுபடி காணவேண்டும் என்பதே அதன் ஆசை. அவர் ஊரை விட்டுப் போனவர், அவருடைய கண்ணுக்கு இது தெரியவும் மாட்டாது. மனித உருவம் தரும் உடுப்பு ஒன்று யோகாய்களின் திருவிழாப் போட்டியில் பரிசாகக் கிடைக்கும் என்று அறிந்து, நட்சுமே அதற்காக ஓடுகிறான். கிடைப்பது ஒரேயொரு இரவு.

8-ஆவது பகுதி ஒரு மின்மினியின் கதை. இளமையில் யோகாய்களைக் காணும் பார்வை இருந்த ஒருவர், சதுப்பு நிலத்தில் இருந்த பெண் யோகாய் ஒன்றோடு அன்பாக இருந்தார். ஒருநாள் அந்தப் பார்வை அற்றுப்போய்விட்டது. அவள் பக்கத்திலேயே நிற்க, அவர் தேடி அலைந்தார். அவருக்குக் கலியாணம் நிச்சயமான பிறகு, சில நாள்தான் வாழமுடியும் என்று தெரிந்தும், அவர் கண்ணுக்குத் தெரியும் உண்மை மின்மினியாக அவள் மாறிவிடுகிறாள். நட்சுமே அன்றுதான் முதன்முறையாக, தனக்கும் இந்தப் பார்வை ஒருநாள் போய்விடுமோ என்று யோசிக்கிறான். சிறுவயதில் எப்போது போகும் என்று ஏங்கியவன் அவன்.

புஜிவாரா வீடு

தொடரின் அச்சு யோகாய்களில் இல்லை, ஷிகெரு, தோகோ தம்பதியரின் வீட்டில் இருக்கிறது. தோகோ பாடசாலைக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். பூனையைக் கண்டு ஆசையாக வளர்க்கலாம் என்பார். ஷிகெரு அதிகம் பேசமாட்டார். மூன்றாம் பருவத்தில் 'திரும்பிவரும் இடம்' என்று பொருள்படும் தலைப்புள்ள பகுதி, அவர்கள் நட்சுமேயை அழைத்துவந்த கதையைச் சொல்கிறது. அதுவரை பெரியவர்கள் தங்களுக்குள் பேசி அவனை இடம் மாற்றினார்கள். இவர்கள் இருவரும் வந்து, எங்களிடம் வருகிறாயா என்று அவனிடமே கேட்கிறார்கள்.

அந்த வீட்டில் நட்சுமே சொல்லாத விடயம் ஒன்று உண்டு. தான் எதைக் காண்கிறான் என்று அவர்களுக்கு அவன் சொன்னதே இல்லை. காயத்தோடு வந்தால் விழுந்துவிட்டேன் என்பான். இரவில் யன்னலால் வெளியே போய்வருவான். பழைய வீடுகளில் சொன்னபோது என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். இங்கே பயம் வேறு. இவர்கள் நம்பமாட்டார்கள் என்பதைவிட, நம்பிக் கவலைப்படுவார்கள், அந்தக் கவலையோடு இந்த மேசையில் இருந்து சாப்பிடவேண்டிவரும் என்ற பயம். தம்பதியருக்கோ அவன் எதையோ மறைக்கிறான் என்று தெரியும். கேட்டு நெருக்குவதில்லை, ஆனால் இரவில் பிந்தினால் விளக்கை அணைக்காமல் காத்திருப்பார்கள்.

எங்கள் குடும்பங்கள் இந்தத் தொடரைப் பார்க்கவேண்டும் என்று நாம் சொல்வதற்கு முதற்காரணம் இந்த வீடுதான். பாடசாலையில் நடந்ததை வீட்டில் சொல்லாமலும், வீட்டில் நடப்பதைப் பாடசாலையில் சொல்லாமலும் வளரும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். முன்னால் வந்து மாமா, சித்தப்பா வீடுகளில் வளர்ந்து, சுமையாக இருந்துவிடக்கூடாது என்று சத்தமில்லாமல் சாப்பிட்டு எழும்பியவர்கள் இப்போது பெற்றோராக இருக்கிறார்கள். இவர்கள் இரு பகுதியினரும் ஒன்றாக இருந்து பார்க்கையில், நேரடியாகக் கேட்கமுடியாத கேள்வியை நட்சுமேயை வைத்துக் கேட்கலாம்: இவன் ஏன் தோகோவிடம் சொல்லவில்லை? பிள்ளைகள் இதற்குப் பதில் சொல்வார்கள்.

நான்காம் பருவத்தின் முடிவுப் பகுதிகள் இன்னொரு வீட்டைப் பற்றியவை. தகப்பனோடு வாழ்ந்த பழைய வீடு விற்கப்படப்போகிறது என்று அறிந்து, கடைசியாக ஒருமுறை பார்த்துவர நட்சுமே போகிறான். வழியில் அவன் தங்கியிருந்த பழைய வீடொன்றின் நினைவுகளும் வருகின்றன. இங்கே வாழும் பெரியவர்களுக்கு இந்தப் பகுதிகளைப் பார்ப்பது இலகுவாக இராது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இரண்டு உலகங்களுக்கும் இடையில் நிற்பவர்கள்

காலப்போக்கில் நட்சுமேக்கு மனித நண்பர்களும் கிடைக்கிறார்கள். கோயில் குருவின் மகன் தனுமாவுக்கு யோகாய்கள் நிழலாகவும் அரவமாகவும் மட்டும் தட்டுப்படும், முழுதாகத் தெரியாது. தகி என்ற மாணவிக்கு எதுவும் தெரியாது, ஆனால் பாட்டனாரின் குறிப்புகளைப் பார்த்து அவள் கீறும் வட்டத்துக்குள் யோகாய் வந்தால் எவர் கண்ணுக்கும் தெரியும். ஒரே விடயத்தில் மூவருக்கும் மூன்று அளவு அறிவு. யார் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது நட்பில் பெரிய கேள்வியாகிறது.

மறுபக்கத்தில் யோகாய் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நதோரி ஷூயிச்சி வெளியுலகுக்குப் புகழ்பெற்ற நடிகர், உள்ளே அந்தத் தொழில் செய்பவர். பல்லி வடிவ மறு ஒன்று அவருடைய உடம்பில் ஊர்ந்துகொண்டே இருக்கும். மதோபா செய்ஜி பெரிய குலமொன்றின் தலைவர். முன்னோர் ஒரு யோகாய்க்கு வலது கண்ணைத் தருவதாகச் சொல்லி ஏமாற்றியதால் அந்தக் குலத்தலைவர்கள் வலது கண்ணை மறைத்துக் கட்டியிருப்பார்கள். இவர்களுக்கு யோகாய் என்பது கருவி அல்லது ஆபத்து. நட்சுமே இவர்களை வெறுப்பதும் இல்லை, இவர்களோடு சேர்வதும் இல்லை.

ஹிதொயோஷி: கதைக்குப் பின்னால் உள்ள ஊர்

தொடரில் ஊரின் பெயர் சொல்லப்படுவதில்லை. ஆனால் மங்காவை எழுதி வரைந்த மிடோரிகாவா யூகி கியூஷூ தீவின் குமமோட்டோ மாகாணத்தவர். அனிமேயில் வரும் ஆறு, பாலம், கோயில், தொடருந்து நிலையக் காட்சிகள் பல அந்த மாகாணத்தின் தெற்கிலுள்ள ஹிதொயோஷி நகரையும் குமா ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பார்த்து வரைந்தவை. தொடரை விரும்புவோர் அந்த இடங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது வழக்கம்.

மூழ்கிய ஊர் அந்தப் பகுதிக்கு வெறும் கற்பனை இல்லை. குமா ஆற்றின் மேற்பகுதியில் இச்சிபுசா அணை 1960-இல் கட்டி முடிக்கப்பட்டது. கிளையாறான கவபேயில் இன்னொரு அணை கட்டும் திட்டம் 1966-இல் அறிவிக்கப்பட்டது. அதற்காக இத்சுகி ஊர் மக்கள் பலர் வீடு மாறினார்கள். ஆனால் எதிர்ப்பினால் 2009-இல் அணைத்திட்டம் நிறுத்தப்பட்டது. வறிய குடும்பத்துச் சிறுமிகள் பிறர் வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட காலத்தின் தாலாட்டு ஒன்று இதே இத்சுகியின் பெயரால் யப்பான் முழுவதும் அறியப்பட்டது.

2020 ஜூலை 4-இல் பெருமழையால் குமா ஆறு பெருக்கெடுத்தது. ஹிதொயோஷி நகரின் பெரும்பகுதி மூழ்கியது. குமமோட்டோ மாகாணத்தில் 60-இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றின் குறுக்கே இருந்த பழைய தொடருந்துப் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் கவபே அணைத்திட்டம் வேறு வடிவில் மறுபடி எடுக்கப்பட்டிருக்கிறது.

தயாரிப்பு விபரங்கள்

மங்கா 2005-இல் ஹகுசென்ஷா நிறுவனத்தின் 'லாலா டீஎக்ஸ்' இதழில் தொடங்கி, பின்னர் 'லாலா' இதழுக்கு மாறியது. இன்றுவரை 30-இற்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன. முதல் நான்கு பருவங்களைப் பிரெயின்ஸ் பேஸ் நிறுவனமும், ஐந்தாவதிலிருந்து ஷூகா நிறுவனமும் தயாரித்தன. தொடரின் தோற்றத்தையும் வேகத்தையும் அமைத்தவர் இயக்குநர் ஓமோரி தகாஹிரோ. இசை யொஷிமோரி மகோத்தோ.

நட்சுமேக்குக் குரல் கொடுப்பவர் கமியா ஹிரோஷி. 'அட்டாக் ஒன் டைட்டன்' பார்த்த பிள்ளைகளுக்கு லீவாயின் குரலாக இவரைத் தெரியும். பூனைக்கும் மதராவுக்கும் குரல் இனோவே கசுஹிகோ. 'நருட்டோ'வின் ககாஷியும் இவரே. பூனைக் கொஞ்சலும் பெரிய மிருகத்தின் கம்பீரக் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருவதைக் கவனித்துப் பாருங்கள்.

பருவங்களின் தலைப்புகள் எண்களால் ஆனவை, எந்த வரிசையில் பார்ப்பது என்று தேடுபவர்களுக்கு இது உதவும். முதலாவது (2008) வெறும் பெயரோடு வந்தது. அடுத்தது 'ஸோக்கு', தொடர்ச்சி என்று பொருள் (2009). பின்னர் 'சான்' மூன்று (2011), 'ஷி' நான்கு (2012), 'கோ' ஐந்து (2016), 'ரோக்கு' ஆறு (2017), 'ஷிச்சி' ஏழு (2024). முதல் நான்கிலும் தலா 13 பகுதிகள், ஐந்திலும் ஆறிலும் தலா 11, ஏழில் 12. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 24 நிமிடம். 2018 செப்டெம்பரில் ஒரு முழுநீளத் திரைப்படமும், 2021 ஜனவரியில் இரண்டு சிறுகதைகள் கொண்ட படமும் திரையரங்குகளுக்கு வந்தன.

பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு

எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பார்க்கலாம் என்பது எமது எண்ணம். இரத்தமும் ஆபாசமும் இல்லை. சில யோகாய்களின் முகங்கள் சின்னவர்களைப் பயமுறுத்தலாம், குறிப்பாக முதல் பகுதியின் துரத்தல். பூனை குடிப்பது நகைச்சுவையாகக் காட்டப்படும். பெற்றோர் இறப்பு, வகுப்பில் ஒதுக்கப்படுதல், உறவினர் வீட்டில் வேண்டாதவனாக இருத்தல் ஆகியவை திரும்பத் திரும்ப வரும். அண்மையில் இழப்பைக் கண்ட பிள்ளையாக இருந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

யப்பானியக் குரலோடும், நீங்கள் வாழும் நாட்டு மொழியின் எழுத்தோடும் பார்க்கவே பரிந்துரைக்கிறோம். எழுத்தை வாசிக்கமுடியாத அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டு பார்க்கலாம். பேச்சு மெதுவாகத்தான் போகும், சொல்ல நேரம் கிடைக்கும்.

ஒரேயடியாக ஏழு பருவத்தையும் தொடங்கத் தயங்குபவர்கள் முதற் பருவத்தின் 1, 2, 6, 8 ஆகிய பகுதிகளைப் பார்க்கலாம். பெரும்பாலான கதைகள் தனித்தனியாக முடிந்துவிடும் என்பதால் விளங்காமற்போகாது. இன்னும் சுருக்கமாக வேண்டும் என்றால், மிடோரிகாவா எழுதி ஓமோரியே இயக்கிய 'ஹொத்தாருபி நோ மொரி எ' என்ற 2011-ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது. மனிதர் தொட்டால் மறைந்துவிடும் காட்டுச் சிறுவன் ஒருவனுக்கும், கோடைவிடுமுறையில் தாத்தா வீட்டுக்கு வரும் சிறுமிக்கும் இடையிலான நட்பைச் சொல்வது. 45 நிமிடம்தான். அது பிடித்திருந்தால் 'நண்பர் ஏடு' உங்கள் வீட்டிலும் நெடுநாள் ஓடும்.